கேளுங்கள், சொல்கிறோம்: ரத்தத்தில் வரும் எண்களும் ஊசிப் பழக்கமும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில், எச்.ஐ.வி. தொற்றும் போதை ஊசிப் பழக்கமும் சேர்ந்து வரும் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஊர்ப் பெயர் தவிர வேறு அடையாளம் அச்சிடப்படவில்லை. தொற்றுநோய் மருத்துவர் ஒருவரும் ரத்த ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: என் தம்பிக்கு 27 வயது. இரண்டு வருடமாக ஊசிப் பழக்கம். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) எச்.ஐ.வி. உறுதியானது. அப்போது சிடி4 (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்) 412. ஆறு வாரம் கழித்துத் தனியார் லேபில் எடுத்தால் 298. நடுவில் கையில் சீழ்க்கட்டி வந்து கீறினார்கள். ஆறே வாரத்தில் நூற்றுக்கு மேல் இறங்கிவிட்டதே, ஊசியை விடாததுதான் காரணமா? இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்துள்ளேன்.

ரிப்போர்ட்டை அனுப்பியது நல்லதாயிற்று. பதில் அதிலேயே இருக்கிறது.

எண்கள் எல்லாம் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு. முதல் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுக்கள் 8,000. அதில் லிம்போசைட் 25 சதவீதம், அதாவது 2,000. அந்த 2,000-இல் சிடி4 செல்கள் 20.6 சதவீதம். பெருக்கினால் 412. இரண்டாவது ரிப்போர்ட் கட்டி இருந்த நேரத்தில் எடுத்தது. சீழோடு சண்டை போட நியூட்ரோஃபில் செல்கள் பெருகியதால் மொத்த வெள்ளணுக்கள் 12,000 ஆகிவிட்டன. லிம்போசைட் பங்கு 12 சதவீதமாகச் சுருங்கி 1,440 ஆனது. அதில் சிடி4 20.7 சதவீதம். பெருக்கினால் 298. சதவீதம் அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறங்கியது லிம்போசைட்டின் மொத்த எண்ணிக்கை. அதற்குக் காரணம் கட்டி.

சிடி4 எண்ணிக்கை சாதாரணமாகவே ஆடும். நண்பகலை ஒட்டிக் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும். காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, அறுவை சிகிச்சை எல்லாம் அதைக் கீழே தள்ளும். புகைப்பழக்கம் சற்று மேலே தள்ளும். ஒரு லேப் நேரடியாக எண்ணும், இன்னொரு லேப் மேலே சொன்னதுபோல் பெருக்கிக் கணக்குப் போடும். ஆகவே எண்ணிக்கையில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் மாற்றம் இருந்தால்தான் அதைப் பொருட்படுத்துவது வழக்கம். உங்கள் தம்பியின் எண் இறங்கியிருப்பது 28 சதவீதம். சிடி4 சதவீதமோ அவ்வளவாக ஆடாது. அது மூன்று புள்ளிக்கு மேல் நகர்ந்தால் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 26 சதவீதமும் அதற்கு மேலும் என்பது 500-க்கு மேற்பட்ட எண்ணிக்கைக்கு ஈடு, 14-க்குக் கீழ் என்பது 200-க்குக் கீழே இருப்பதற்கு ஈடு. இனி ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம், உடம்பில் கட்டியோ காய்ச்சலோ இல்லாத நாள் என்று பார்த்து எடுங்கள்.

இதைவிட எங்களை உறுத்தியது வேறு. ஆறு வாரமாகியும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) ஆரம்பிக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. சிடி4 எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து என்பது 2017 முதல் இந்தியாவில் நடைமுறை. காசநோயும் மூளைக்காய்ச்சலும் இல்லை என்று பார்த்துவிட்டால் அன்றைக்கே தொடங்கலாம். ஒரு வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. ‘முதலில் ஊசியை நிறுத்தட்டும், அப்புறம் மருந்து’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் கேட்காதீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது. கடலூரில் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று கூச்சமாக இருந்தால் புதுச்சேரியில் பதிவு செய்யலாம். மாற்றல் கடிதம் வாங்கிக்கொண்டு பிறகு ஊருக்கே வந்துவிடவும் வழி உண்டு.

நெய்வேலி வாசகி: எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று ஒரு ‘இம்யூன் பேக்கேஜ்’ விளம்பரம் பார்த்தேன். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், நியோப்டெரின், ஐ.எல்-6, டி-டைமர், சிடி8 என்று நீளமான பட்டியல். என் மகன் முன்பு ஊசி போட்டவன், இப்போது மாத்திரை எடுக்கிறான். இதெல்லாம் பார்ப்பது நல்லதுதானே?

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இவை பொய்யான பரிசோதனைகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சியில் இடமுண்டு. ஆனால் உங்கள் மகனுக்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை, எப்போது மாற்றுவது என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது.

வைரல் லோடு (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு) பரிசோதனை இல்லாத 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும், நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஊகிக்க மருத்துவர்கள் கையில் எடுத்தவை பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் நியோப்டெரினும். முன்னது உடம்பில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேலும் ஒட்டியிருக்கும் ஒரு சிறு புரதம். செல்கள் வேகமாக அழிந்து பிறக்கும்போது ரத்தத்தில் உதிரும். அதை வெளியேற்றுவது சிறுநீரகம்; சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தாலே எண் ஏறிவிடும். நியோப்டெரினை வெளியிடுபவை கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள். காமா இன்டர்ஃபெரான் என்ற சைகைப் புரதம் அவற்றைத் தட்டி எழுப்பும்போது இது வெளிவரும். சீரத்தில் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருப்பது இயல்பு. வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் பொருள் இது. குழாயைக் கருப்புத் தாளில் சுற்றாமல் வெயிலில் ஸ்கூட்டரில் கொண்டுபோனால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை.

ஊசிப் பழக்கம் உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல். எச்.ஐ.வி. இல்லாமலே அவர்களுக்கு இந்த எண்கள் கூடியிருக்கும். சுத்தமில்லாத ஊசி, கலப்படப் பொடி, தோல் கிருமிகள், மாத்திரையைக் கரைத்து ஏற்றும்போது அதோடு போகும் டால்க்கும் மாவும், ஹெபடைட்டிஸ் சி எல்லாம் நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் சீண்டிக்கொண்டே இருக்கும். இம்யூனோகுளோபுலின் ஜி, எம் என்ற ஆன்டிபாடிகளின் அளவுகளும் அப்படியே ஏறும். எச்.ஐ.வி. இல்லாத ஊசிப் பழக்கக்காரர்கள் சிலரிடம் லிம்போசைட் எண்ணிக்கைகூட மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். எண் கூடியிருக்கிறது என்றால் அது எச்.ஐ.வி.யாலா, ஹெபடைட்டிஸாலா, நேற்றைய ஊசியாலா என்று எப்படிப் பிரிப்பது?

ஐ.எல்-6 (அழற்சியைக் காட்டும் புரதம்), டி-டைமர் (ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் துணுக்கு) இரண்டுக்கும் கொஞ்சம் கனம் உண்டு. சிடி4 எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, நிறுத்தியவர்களிடம் இறப்பு கூடியதை 2006-இல் காட்டியது. அந்த ரத்த மாதிரிகளை மீண்டும் பார்த்தபோது, தொடக்கத்திலேயே இந்த இரண்டும் கூடியிருந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். எச்.ஐ.வி. குடல் சுவரைச் சேதப்படுத்தி, கிருமிகளின் துண்டுகளை ரத்தத்தில் கசியவிடுவது இந்த அழற்சிக்கு ஒரு காரணம். எல்லாம் சரி, ஆனால் அதைக் குறைக்க இன்று கையில் இருப்பது அதே கூட்டு மருந்துதான். தொடையிடுக்கில் ஊசி போட்டு அங்கே ரத்தம் உறைந்தவருக்கு டி-டைமர் எகிறும். அது வேறு கதை, அதற்கு டாப்ளர் ஸ்கேன் வேண்டும்.

சிடி8 இன்னொரு வகை லிம்போசைட். சிடி4-சிடி8 விகிதம் சிடி4 ரிப்போர்ட்டிலேயே பெரும்பாலும் இருக்கும், தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். இயல்பாக ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டியது எச்.ஐ.வி.யில் தலைகீழாகிவிடும். மருந்து எடுத்தாலும் மெதுவாகவே நிமிரும், சிலருக்கு ஒன்றைத் தொடுவதே இல்லை.

உங்கள் மகனுக்குத் தேவையான முக்கியமான எண் வைரல் லோடு. மருந்து தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அது ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம்.

சிதம்பரம், கல்லூரி மாணவர்: ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருட்களே நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்து எச்.ஐ.வி.யை வேகப்படுத்துமா?

சோதனைக் குழாயில் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். மார்ஃபின் ஒட்டும் ஏற்பிகள் நோய் எதிர்ப்புச் செல்களின் மேலும் இருக்கின்றன. ஒட்டினால் அவற்றின் வேலை மந்தமாகிறது. ஆனால் மனிதர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தபோது விஷயம் அவ்வளவு நேராக வரவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1988-இல் தொடங்கிய அலைவ் ஆய்வு ஊசிப் பழக்கம் உள்ளவர்களையே தொடர்ந்து கவனித்தது. ஊசி போடுவதாலேயே சிடி4 வேகமாகச் சரிகிறது என்று அந்த வகை ஆய்வுகளில் உறுதியாக நிலைநாட்ட முடியவில்லை. இவர்களைச் சாய்ப்பவை வேறு: அளவு மீறிய ஊசி, ரத்தத்தில் பாக்டீரியா, காசநோய், கல்லீரல் சிதைவு, விட்டுவிட்டு எடுக்கும் மாத்திரை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குபவருக்கு, ஊசிப் பழக்கம் இருந்தாலும் வைரல் லோடு மற்றவர்களைப் போலவே அடங்கும்.

பண்ருட்டி வாசகர்: வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்து வீட்டில் பெரிய சண்டை. ஊசிப் பழக்கம் உண்டு, வேறு தப்பு செய்யவில்லை.

சண்டையை நிறுத்தி டி.பி.எச்.ஏ. என்ற உறுதிப்படுத்தும் பரிசோதனையை எடுங்கள். வி.டி.ஆர்.எல். சிபிலிஸ் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் ஆவது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அப்படிப் பொய்யாக வரும்போது ரிப்போர்ட்டில் டைட்டர் என்கிற அளவு பொதுவாக 1:8-க்குள் இருக்கும். டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் அநேகமாகப் பொய்ப் பாசிட்டிவ்தான். பாசிட்டிவ் என்றால் பென்சிலின் ஊசியில் குணமாகும். முடக்குவாதக் காரணி என்கிற ஆர்.ஏ. ஃபேக்டரும் இதேபோல் ஏமாற்றும்.

முத்தியால்பேட்டை வாசகி: என் வீட்டுக்காரர் போதை ஊசிக்கு மாற்றாகத் தரும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். எச்.ஐ.வி. மாத்திரையும் உண்டு. இப்போது டி.பி. என்று சொல்லி அதற்கும் மாத்திரை தந்தார்கள். ஒரு வாரமாக மூக்கில் தண்ணீர், உடம்பு வலி, தூக்கமில்லை, மேலெல்லாம் சிலிர்ப்பு. மறுபடி ஊசி போட ஆரம்பித்துவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, அவர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் டி.பி. மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். அதிலிருக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிப் பல மருந்துகளைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். பியூப்ரினார்ஃபின் அளவு குறைந்தால் நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை அறிகுறியும் வரும். இன்னொரு மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். மாற்று மருந்து தரும் மையத்தில் ‘டி.பி. மருந்து ஆரம்பித்திருக்கிறார்’ என்று நாளைக்கே சொல்லுங்கள், அளவைக் கூட்டுவார்கள். டி.பி. மருந்து முடிந்தபின் திரும்பக் குறைக்க வேண்டும். அதை மறந்தால் மயக்கம் கூடும், மூச்சு மந்தமாகும். மறப்பது நடக்கிறது, ஆகவே முடியும் தேதியை ஏ.ஆர்.டி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எச்.ஐ.வி. மாத்திரையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெக்ராவிரையும் ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். அதனால் டி.பி. மருந்து எடுக்கும் காலம் முழுவதும் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனி மாத்திரையாகச் சேர்க்க வேண்டும். கையில் இரண்டாவது டப்பா இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால், அல்லது 6 மணி நேரம் கழித்து, மாத்திரை போட வேண்டும்.

டோலுடெக்ராவிரும் பியூப்ரினார்ஃபினும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. ‘சேராது’ என்று அக்கம்பக்கம் சொல்வது பழைய மருந்தான எஃபாவிரென்ஸ் காலத்துப் பேச்சு. அது மெத்தடோனைப் பெருமளவு குறைத்தது உண்மை. நிஜமாகவே சேராதது சாராயமும் தூக்க மாத்திரையும். பியூப்ரினார்ஃபினோடு இவை போனால் மூச்சு நின்றுவிடலாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை முழுதாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். கரைந்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும், இல்லையென்றால் பல் சொத்தையாகும்.

விருத்தாசலம் வாசகர்: ஐந்து வருடமாக ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை போடுகிறேன். வைரல் லோடு தெரியவில்லை என்றே வருகிறது. ஆனால் சிடி4 180-ஐத் தாண்டவில்லை. பக்கத்தில் 31 சதவீதம் என்று இருக்கிறது. பழைய ஊசிப் பழக்கம், ஹெபடைட்டிஸ் சி உண்டு. மருந்து வேலை செய்யவில்லையா?

மருந்து நன்றாக வேலை செய்கிறது. 31 சதவீதம் உள்ளவருக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டும். 180 என்றால் மீதிச் செல்கள் எங்கோ ஒளிந்திருக்கின்றன. அநேகமாக உங்கள் மண்ணீரலில். ஹெபடைட்டிஸ் சி கல்லீரலை இறுக்கும்போது, ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லா லிம்போசைட்டும் சேர்ந்தே குறைவதால் சதவீதம் கெடாது. ரத்த ரிப்போர்ட்டில் தட்டணு ஒரு லட்சத்தை ஒட்டியோ குறைவாகவோ இருக்கிறதா பாருங்கள். வயிற்று ஸ்கேனில் மண்ணீரல் அளவு 12 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

அடுத்துச் செய்ய வேண்டியது ஹெபடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆன்டிபாடி ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆர்.என்.ஏ. இருந்தால், 2018-இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் மாத்திரை இலவசம். கல்லீரல் இறுகாதவருக்கு 12 வாரம், முற்றியிருந்தால் 24 வாரம் வரை. குணமானபின் மறுபடி ஊசியைப் பகிர்ந்தால் மறுபடி வரும், இதற்கு அம்மை போல வாழ்நாள் காப்பு கிடையாது.

மற்ற தொற்றுகள் வராமல் தடுக்கத் தரும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிடி4 350-க்குக் கீழ் இருந்தால் அதைத் தருவது விதி. 31 சதவீதத்தைக் காட்டி விலக்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஹெபடைட்டிஸ் பி-யும் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டெனோஃபோவிரை நிறுத்துவதும் ஆபத்து, சி-க்கு மருந்து தரும்போது பி கிளம்பவும் கூடும்.

பாகூர், லேப் டெக்னீஷியன்: நரம்பு கிடைக்காத நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பதும், எடுத்த மாதிரி திரும்பி வருவதும் பெரும்பாடு. என்ன செய்யலாம்?

முதலில் அவரிடமே கேளுங்கள். எந்த நரம்பு உயிரோடு இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வெந்நீரில் நனைத்த துணியை 5 நிமிடம் கையில் போட்டு, கையைத் தொங்கவிட்டு, 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியால் எடுங்கள். கழுத்து, தொடையிடுக்குப் பக்கம் போக வேண்டாம். கட்டி, சிவப்பு உள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள். சிரிஞ்சை அவசரமாக இழுத்தால் செல்கள் உடைந்து மாதிரி சிவக்கும். லேப் திருப்பி அனுப்பும்.

ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயைக் கோடு வரை நிரப்பி 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது. சிறு உறைவு இருந்தாலும் சிடி4 எண் பொய்யாகும். பலர் செய்யும் தவறு, சிடி4 மாதிரியை ஐஸ் பெட்டியில் வைப்பது. குளிரில் லிம்போசைட் கெடும். 20 முதல் 25 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் மெஷினில் ஏற வேண்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் அனுப்புவதானால் தெர்மாகோல் பெட்டி போதும். ஜெல் பேக் வைத்தே ஆகவேண்டுமென்றால் குழாயைத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். வைரல் லோடு மாதிரி வேறு சாதி. அதை 24 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், பிரித்த பிளாஸ்மாவுக்குக் குளிர் தேவை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினால் மாதிரிகள் திரும்பும்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், பிளீச்சில் முக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரை போட வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் தொடர வேண்டும்.

வில்லியனூர் வாசகர்: ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீஸில் சொல்லிவிடுவார்களா?

எச்.ஐ.வி. நிலையை ஒருவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. சட்டம் சில விதிவிலக்குகள் வைத்திருக்கிறது. போலீஸ் வாய்மொழியாகக் கேட்பது அதில் சேராது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். போதை மீட்புக்கு 14446.

கடலூர் முதுநகர் வாசகி: அண்ணனுக்குப் பத்து நாளாகக் குளிர்க்காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி. எக்ஸ்ரேயில் புள்ளிகள். சிடி4 520 இருக்கிறது, எச்.ஐ.வி.யால் வந்த காய்ச்சலாக இருக்காது என்று மெடிக்கலில் ஆன்டிபயாடிக் தந்தார்கள். இன்னும் ஊசி போடுகிறார்.

520 என்ற எண் இங்கே யாரையும் சமாதானப்படுத்தக் கூடாது. ஊசி போடுபவருக்குக் காய்ச்சல் என்றால் இதய வால்வில் தொற்று என்பதை முதலில் நினைக்க வேண்டும். சிடி4 எவ்வளவு இருந்தாலும் அது வரும். தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி ஊசியோடு உள்ளே போய், இதயத்தின் வலப்பக்க வால்வில் குடியேறுகிறது. அங்கிருந்து சிதறும் துணுக்குகள் நுரையீரலில் தங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பார்ப்பவர்கள் காசநோய் என்றோ நிமோனியா என்றோ நினைத்துவிடுவார்கள். காசநோயும் எந்த சிடி4-இலும் வரக்கூடியதே, அதனால் சளியையும் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரை காய்ச்சலை இரண்டு நாள் அமுக்கும், கல்ச்சரில் (ரத்தத்திலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி வளராமல் செய்துவிடும், வால்வு அரிப்பதை நிறுத்தாது. இன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இதுவரை தந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். ஊசிப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் வால்வைப் பற்றி யாருக்கும் தோன்றாது. அடுத்த ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எக்கோ என்கிற இதய ஸ்கேன். வால்வுத் தொற்று என்றால் 4 முதல் 6 வாரம் நரம்பு வழி மருந்து, படுக்கையில் இருந்தே. அத்தனை நாளும் அவர் வார்டில் தங்க வேண்டுமென்றால் போதை இல்லாமல் உடம்பு முறுக்குவதற்கு மருந்து அன்றைக்கே தொடங்க வேண்டும். அது கிடைக்காமல் மூன்றாம் நாளே எழுந்து போய்விடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தோல்வி.